ஆற்றோடு மேலாண்ட

1948 ஜூலை 5, திங்கள்

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் வண்டி இன்றும் தாமதம். முதல் மணி அடித்த பிறகுதான் பள்ளிக்குள் நுழைந்தேன். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார்.

இந்த வருஷம் ஐந்தாம் பாரத்துக்குப் பூகோளத்தைத் தமிழில் நடத்தவேண்டும். புத்தகம் வரவில்லை, நானே எழுதிக்கொண்டு போகிறேன். இன்று பனிமலைகளுக்கு அப்பால் இருக்கும் மேட்டுநிலம். அது ஒரு பாலைவனம் என்றேன். வகுப்பு முழுவதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. பாலைவனம் என்றால் வெயிலும் மணலும் ஒட்டகமும் வேண்டும் அவர்களுக்கு. மழை பெய்யாத இடம் எவ்வளவு குளிர்ந்தாலும் பாலைவனம்தான் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள், நம்பவில்லை.

எங்கள் திருத்தணிப் பெண் ஒருத்தி, நந்தியாறு 'மேலாண்டருந்து' வருவதாக எழுதியிருந்தாள். அடித்து, 'மேற்கிலிருந்து' என்று எழுதிக் கொடுத்தேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மேலாண்ட, கீழாண்ட என்பவைதான் திசை. மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். வேறு மாதிரி ஒரு நிலம் இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

வீட்டில் தம்பி பிரகாசத்தின் கடிதம். விமானத்தில் ஏற்றி அந்த மேட்டுநிலத்திலேயே இறக்கிவிட்டார்களாம். பட்டாளத்து சர்வே பிரிவில் இருப்பவன் ஊர் பெயர் எழுதக்கூடாது. ஆற்றின் பெயரையும் எழுதவில்லை. எனக்குப் பெயர் வேண்டியதில்லை.

தேவகிக்காக உரக்கப் படித்தேன். அவனுக்கு மனைவியானாலும் அவள் பெயருக்குத் தனியாகக் கடிதம் போட அவனுக்கு இன்னும் வெட்கம். 'மலைகளில் ஒரு புல் இல்லை, அக்கா. துருப்பிடித்த இரும்பைக் குவித்து வைத்ததுபோல இருக்கின்றன. நடுவே இந்த ஆறு. பள்ளத்தில் ஓடுகிறது, ஒரு வயலுக்கும் இதன் தண்ணீர் ஏறாது. மலைப்பனி உருகி ஓடை வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பார்லி, நாலு மரம். மற்றபடி கரையை ஒட்டியே பாலைவனம். நடுப்பகலில் உருகும் பனி சாயங்காலம்தான் இங்கே வந்து சேர்கிறது. காலையில் தோல் தெப்பத்தில் சுலபமாகக் கடந்த இடத்தைச் சாயங்காலம் கிட்டப் போய்ப் பார்க்கவே பயமாக இருக்கிறது.'

அவனோடு அளவுச் சங்கிலி பிடிக்கும் பச்சையப்பன் நம் பள்ளிப்பட்டுக்காரனாம். முதல் நாள் ஆற்றைப் பார்த்துவிட்டு, 'இன்னா சார், தண்ணி தப்பா போவுது' என்றானாம். நம் ஆறுகள் கிழக்கே போகும். இது வடமேற்கே போகிறது.

தேவகி சிரித்தாள். எந்த ஆறு என்று கேட்டாள். அட்லாஸை விரித்து, கைலாயத்துக்குப் பக்கத்தில் தொடங்கும் சிந்துவைக் காட்டினேன். வடமேற்கே வெகுதூரம் போய், பிறகு தெற்கே திரும்பி, கராச்சிக்குப் பக்கத்தில் கடல். நான் சமையலறைக்குப் போன பிறகும் அவள் அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 18

நந்தியாற்றில் மணல்தான். பெண்கள் ஊற்றுத் தோண்டிச் சொம்பால் மொண்டுகொண்டிருந்தார்கள். ஆறு என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஜூலை 31

கிருத்திகைக் கூட்டம் இன்னும் கலையவில்லை. ரயிலடியிலிருந்து மலையடிவரை காவடிப் பூக்கள் மிதிபட்டுக் கிடக்கின்றன. பக்கத்து வீட்டு ஜெயம்மா தேவகியை மலைக்கு அழைத்துக்கொண்டு போனாள். என்னையும் கூப்பிட்டாள். வழக்கம்போலத் தலைவலி என்றேன். 'ஒங்க தலவலி வருஷா வருஷம் கரெக்டா கிருத்திகைக்கு வந்துடுது' என்றாள். சாமர்த்தியக்காரி.

ஆகஸ்ட் 19

தந்தி. சிவப்பிரகாசத்தைக் காணவில்லை. இம்மாதம் ஐந்தாம் தேதி முதல்.

காணவில்லை.

ஆகஸ்ட் 20

பள்ளிக்குப் போனேன். பாடம் நடத்தினேன். என்ன பாடம் என்று நினைவில்லை.

செப்டம்பர் 5

தேவகியின் தகப்பனார் ஆதிகேசவன் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டுமாம். கெட்டவரல்ல. உட்கார்ந்து வெகுநேரம் தறி விலை, நூல் விலை என்று பேசிவிட்டுப் பிறகு சொன்னார்.

"ஊர் வாய மூட முடியுமாங்க, சம்பந்தியம்மா? ஒண்ணு, இருக்காருன்னு தெரியணும். இல்ல, இல்லன்னு தெரியணும். நடுவுல பொண்ணு பூவும் பொட்டுமா எத்தினி நாளிக்கி நிப்பா? பெரியவங்க பாத்து ஒரு முடிவு பண்ணா..."

"முடிவு என்றால்?" என்று கேட்டேன்.

முடிவு எப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பதின்மூன்று வயதில் என்னைக் கூடத்தில் உட்காரவைத்துச் செய்தார்கள். எனக்குத் தாலி கட்டிய அந்த மனிதரை நான் நேராகப் பார்த்ததுகூட இல்லை. வளையல் உடைந்ததற்குத்தான் அழுதேன். பச்சைக் கண்ணாடி வளையல். அப்பா ஊர்ப் பேச்சைப் பொருட்படுத்தாமல் என்னைச் சென்னைக்குப் படிக்க அனுப்பினார். பிறகு அம்மா பிரகாசத்தைப் பெற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். விடுமுறைக்கு வந்த நான் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டே பி.ஏ.க்குப் படித்தேன். எனக்குக் கிடைத்த குழந்தை அவன் ஒருவன்தான்.

ஆதிகேசவனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "தந்தியில் காணவில்லை என்றுதான் இருக்கிறது. இல்லை என்று இல்லை. ஊகத்தின் பேரில் அவள்மேல் யாரும் கை வைக்கக்கூடாது" என்றேன்.

தேவகி கதவருகிலிருந்து, "நைனா, நான் வரல. அண்ணி சாப்பிடறதே இல்ல. தனியா வுட்டுட்டு எப்டி வருவேன்?" என்றாள்.

நான் சாப்பிடுவதில்லையா?

செப்டம்பர் 19, ஞாயிறு

பச்சையப்பனின் அண்ணன் துளசிங்கம் பள்ளிப்பட்டிலிருந்து வந்தார். நெசவுக்காரர், விரல்களில் நீலச் சாயம். பச்சையப்பன் காலில் அடிபட்டு வடக்கே எங்கோ ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம். அங்கிருந்து லீவில் வந்த ஒரு வேலூர்க்காரனிடம் வாய்ச் செய்தி சொல்லி அனுப்பியிருக்கிறான்.

உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே, மனப்பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்.

"சர்வேயர் ஐயா ஆத்தோட மேலாண்ட போயிட்டாரு. நான் கண்ணால பாத்தேன். டீச்சரம்மாகிட்ட சொல்லிடு. இதாங்க அவன் சொன்னது. நான் ஒண்ணும் சேக்கல, கொறைக்கல."

"அவ்வளவுதானா?"

"ஆங். அவ்ளோதாங்க."

பக்கத்தில் நின்ற ஜெயம்மா உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். மேலே என்றால் சாமிகிட்டயா என்று முணுமுணுத்தாள். மேலாண்ட என்பது திசை, அதில் சாமிக்கு என்ன வேலை என்று அதட்டினேன். துளசிங்கமும் திசைதான் என்றார். ஆற்றோரமாக மேலண்டைப் பக்கம் நடந்து போயிருக்கிறார், அவ்வளவுதான் என்றார்.

நடந்து போயிருக்கிறான்! ஒருவன் பார்த்திருக்கிறான்.

செப்டம்பர் 20

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அட்லாஸோடு உட்கார்ந்தேன்.

நிதானமாக யோசிக்கவேண்டும். நம்பவேண்டும் என்பதற்காக நம்பக்கூடாது.

மேலாண்ட என்றால் மேற்கா, மேடா? நம் ஊரில் இரண்டும் ஒன்று. அங்கே ஒன்றல்ல. அங்கே மேற்கே போனால் ஆறு இறங்கும் பக்கம். அங்கேதான் எதிரிகள் கிராமங்களைப் பிடித்து வைத்திருப்பதாகப் பத்திரிகை சொல்கிறது. ஆறு வரும் பக்கமாக ஏறிப் போனால் தென்கிழக்கு. சண்டை இல்லாத வெறும் மேட்டுநிலம். அங்கங்கே புத்த மடங்கள். ஒருவன் அங்கே ஒதுங்கினால் பனி முடியும்வரை செய்தி அனுப்ப வழியில்லை.

பச்சையப்பன் எதைச் சொன்னான்? அவன் ஆற்றை வைத்துத்தான் பேசுகிறான், 'ஆத்தோட' என்கிறான். அந்த மலைச் சந்தில் மனிதனுக்குத் தெரிகிற திசை, தண்ணீர் வரும் பக்கமும் போகும் பக்கமும்தான். ஆகவே மேல் என்றால் தண்ணீர் வரும் பக்கம்.

இன்னொன்று. இதை எழுதவே கை வரவில்லை, இருந்தாலும் எழுதித் தீர்க்கிறேன். ஆற்றோடு போவது என்றால் அடித்துக்கொண்டு போவது என்றும் பொருள் உண்டு. ஆனால் வெள்ளம் அடித்துக்கொண்டு போகிற எதுவும் மேலாண்ட போகாது. கீழாண்டதான் போகும். குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆகவே அது இல்லை.

ஆகவே கரையோரமாக, ஆறு வரும் பக்கம் நோக்கி நடந்திருக்கிறான். இருக்கிறான்.

தேவகியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் படத்தில் காட்டி விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். விரலை ஆற்றின்மேல் வைத்து ஒரு தரம் ஓட்டினாள். பிறகு, "சாப்பிடுங்க அண்ணி" என்றாள்.

சாப்பிட்டேன். பசித்தது.

அக்டோபர் 10

துளசிங்கம் விசாரித்துத் தந்த ஆஸ்பத்திரி விலாசத்துக்குப் பச்சையப்பனுக்கு இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். பதில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன். யாராவது எழுதித் தரவேண்டும்.

தேவகி இன்று கனகாம்பரம் வாங்கி நெருக்கமாகக் கட்டி வைத்துக்கொண்டாள். தந்தி வந்த பிறகு பூவைக் கடமைக்குத்தான் கிள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது என்று தெரிகிறது. என்னுடைய தர்க்கம் ஒருத்திக்காவது உபயோகப்பட்டது.

நவம்பர் 14

மூன்று நாளாக மழை. நந்தியாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே போய்ப் பார்த்தது. நானும் தேவகியும் போனோம். செம்மண் நிறத்தில், முள்ளும் வைக்கோலும் ஒரு செத்த கன்றுக்குட்டியுமாக, கீழாண்ட ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் அந்தக் கன்றுக்குட்டியைக் காட்டினேன். "பார், போகிறதெல்லாம் அந்தப் பக்கம்தான் போகிறது" என்றேன். என் கணக்குக்குச் சாட்சியாக.

தேவகி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கரை வழுக்குகிறது, வாங்க போகலாம் என்றாள்.

நவம்பர் 27

அந்த மேட்டுநிலத்துக்குப் போகும் கணவாய் திறந்துவிட்டது, சாலை வழியாகவே பட்டாளம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று பஞ்சாயத்து ரேடியோவில் சொன்னார்கள். இனிமேல் மேட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு வழி உண்டு. கம்பளிச் சட்டைக்கு நூல் வாங்கினேன். சாம்பல் நிறம். பிரகாசத்துக்கு எப்போதும் அழுக்குத் தெரியாத நிறம்தான்.

1949 ஜனவரி 3

சண்டை நிறுத்தமாம். எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறார்கள். தபால்காரர் எங்கள் வாசலைக் கடக்கும்போது மட்டும் வேகமாக நடக்கிறார்.

ஜனவரி 30

சட்டையில் ஒரு கை பாக்கி.

பிப்ரவரி 20, ஞாயிறு

பச்சையப்பன் ஊருக்கு வந்துவிட்டதாகத் துளசிங்கம் சொல்லி அனுப்பியிருந்தார். நான் மட்டும் போனேன். கரி போட்டு ஓட்டும் பஸ் வழியில் இரண்டு தடவை நின்றது. தேவகி வருகிறேன் என்று சொல்லவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது தோன்றவும் இல்லை.

வீட்டுக்குள் துளசிங்கம் தறியில் இருந்தார். பச்சையப்பன் வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். வலது கால் குட்டையாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றான். வேண்டாம் என்றேன். எனக்காக மோர் கொண்டுவரச் சொன்னான். என் கடிதங்கள் வந்தனவா என்று கேட்டேன்.

"வந்துச்சிங்கம்மா. வார்டுல ஒருத்தர் படிச்சிக் காட்னாரு. எழுதித் தரேன்னும் சொன்னாரு. வேற ஆள வெச்சி எழுத எனக்கு வாய் வரல."

அப்போதே நான் எழுந்து வந்திருக்கவேண்டும். வரவில்லை. கேள்விகளை வரிசையாக மனதில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். முதல் கேள்வியைக் கேட்டேன்.

"மேலாண்ட போனான் என்று சொன்னாயே, யாரோடு போனான்?"

அவன் விழித்தான். "யாரோடங்க? ஆத்தோட."

"ஆற்றங்கரையோடுதானே?"

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி, "ண்ணா, தறிய நிறுத்து" என்றான். தறி நின்றது.

"கரையோட இல்லிங்கம்மா. ஆத்தோட. தண்ணில."

பிறகு சொன்னான். காலையில் தெப்பத்தில் அக்கரை போய் அளந்திருக்கிறார்கள். மலைமேல் துப்பாக்கிச் சத்தம் கேட்கவே பாறை இடுக்கில் ஒதுங்கியிருக்கிறார்கள். சத்தம் ஓய்ந்தபோது சாயங்காலம். தண்ணீர் ஏறிவிட்டது. விடியும்வரை இருந்தால் பிடிபடுவோம் என்று பிரகாசம்தான் இறங்கலாம் என்றானாம். நடு ஆற்றில் தெப்பம் பாறையில் மோதியது. பச்சையப்பன் கால் நசுங்கியது. கயிறு கையில் இருந்ததால் அவன் பிழைத்தான். பிரகாசத்தின் கையில் அளவுப் பலகை இருந்தது.

"வுட்ருங்க சார், பலகைய வுட்ருங்கன்னு கத்துனேன். தண்ணி சத்தத்துல கேட்டுச்சோ இல்லியோ. தலை ரெண்டு தரம் தெரிஞ்சிது. அப்பறம் இல்ல. தேட முடியலம்மா, அந்தாண்ட அவுங்க ஆளுங்க. எங்க சர்க்கார்ல ஒடம்பு கெடைக்காம சொல்லக்கூடாதாம், காணோம்னு எழுதிக்கினாங்க. நீங்க காத்துகினு இருக்கக்கூடாதுன்னுதான் நான் சொல்லி அனுப்பிச்சேன்."

"மேலாண்ட என்றாயே" என்றேன். "மேலாண்ட என்று ஏன் சொன்னாய்?"

"அந்த ஆறு மேலாண்டதானேங்க போவுது" என்றான்.

பிப்ரவரி 21

எனக்குத் தெரியாதா? எனக்கா தெரியாது? இருபது வருஷமாகக் கரும்பலகையில் அந்த ஆற்றை வரைகிறேன். சாக்கட்டியை வலதுபக்கம் வைத்து இடதுபக்கம் மேலே இழுப்பேன். என் கைக்குத் தெரியும் அது மேற்கே போகிறதென்று.

அடித்துக்கொண்டு போவது மேலாண்ட போகாது. குழந்தைக்குக்கூடத் தெரியும். ஐயோ — நானே எழுதினேன் அதை. எங்கே போகாது? நந்தியாற்றில் போகாது. துளசிங்கம் அந்த ஆற்றைக் கண்டவரில்லை, அவர் காதில் அப்படித்தான் விழும். ஜெயம்மா காதில் அப்படித்தான் விழும். எனக்கு என்ன வந்தது? படித்தது எல்லாம் எங்கே போச்சு? நான் இந்த ஊர்க்காரிதான். அவ்ளோதான்.

பச்சையப்பன் ஒன்றையும் மறைக்கவில்லை. நாலு வார்த்தையில் எல்லாம் சொல்லி அனுப்பியிருக்கிறான். ஆற்றோடு. மேற்கே.

தேவகியிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று நான் வந்தபோது வாசலில் நின்றாள். தலையில் பூ. தலைவலி என்று படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 23

சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் யோசித்தும் வாக்கியம் அமையவில்லை. பள்ளியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அவள் கம்பளிச் சட்டையின் பாக்கிக் கையைப் பின்னிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் என் வாயில் வந்தது இதுதான்: "தேவகி, சிந்து மேற்கே ஓடுகிறது."

அவள் ஊசியை நிறுத்தினாள். "தெரியும் அண்ணி" என்றாள்.

புரியவில்லை என்று நினைத்து மறுபடி தொடங்கினேன். அவள் குறுக்கிட்டாள்.

"நீங்கதான படத்துல காட்னீங்க, மொதல் கடுதாசி வந்தன்னிக்கு. அப்பறம் பச்சையப்பனோட அண்ணன் வந்து சொன்னாரே, மறுநாளு படத்த விரிச்சி வெச்சிகினு சொன்னீங்களே, அப்ப வெரல வெச்சிப் பாத்தேன். ஆத்தோட போனா வெரலு அந்தப் பக்கந்தான் போச்சு."

செப்டம்பரிலிருந்து. ஐந்து மாதம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், கடவுளே.

"ஒரு மாசமா நீங்க சோறு எறங்காம கெடந்தீங்க. அன்னிக்குதான் தட்டுல கைய வெச்சீங்க. அத்த எப்டிக் கெடுக்கறது? ஒருவேள நான் தப்போன்னும் இருந்துச்சு. நீங்க படிச்சவங்க."

"இந்தப் பூ?"

"நீங்க பாக்கணும்னுதான்."

அவளை நான் காப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் தினமும் தலையில் பூ வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து, நான் கன்றுக்குட்டியைக் காட்டியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு — தன் துக்கத்தை எங்கே வைத்திருந்தாள்? கொல்லையிலா? கிணற்றடியிலா? ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். அம்மா போன பிறகு யார் மடியிலும் வைத்ததில்லை. அவளுக்கு இருபத்துமூன்று வயது. அப்போதுதான் அவளும் அழுதாள்.

பிப்ரவரி 27

ஆதிகேசவன் வந்தார். சடங்குக்கென்று நாலு பெண்களையும் கூட்டி வந்திருந்தார். அவர்களை வாசலிலேயே உட்காரவைத்தேன். யார் கையும் படவில்லை. தேவகி சாமி அலமாரியின் முன்னால் நின்று தானே கழற்றினாள். மஞ்சள் கயிற்றைச் சுற்றி அவன் பென்சில் பெட்டியில் வைத்தாள். வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். முழுசாக இருக்கின்றன.

வெள்ளைப் புடவை கொண்டுவந்திருந்தார்கள். மடித்து ஆதிகேசவனிடமே கொடுத்தேன். அவர் அதை வைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதார்.

மார்ச் 20

சட்டையைத் தேவகி முடித்துவிட்டாள். பச்சையப்பனுக்கு அனுப்பினோம்.

ஜூலை 4, திங்கள்

வண்டி நேரத்துக்கு வந்தது. தேவகி போன மாதம் சென்னையில் ஆசிரியைப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் ஒருத்திக்குச் சமைப்பது எனக்கு இன்னும் கைவரவில்லை, அளவு தவறிவிடுகிறது.

ஐந்தாம் பாரம். மறுபடி அதே மேட்டுநிலம். குளிர்ந்த பாலைவனம் என்றேன். இந்த வருஷப் பெண்களும் நம்பவில்லை. மலைகள் துருப்பிடித்த இரும்புபோல இருக்கும் என்றேன். ஆறு பள்ளத்தில் ஓடும், வயலுக்கு ஏறாது என்றேன். காலையில் கடந்த இடத்தைச் சாயங்காலம் கடக்க முடியாது என்றேன். எழுதிக்கொண்டார்கள். சாக்கட்டியை வலதுபக்கம் வைத்து இழுத்தேன்.

புதிதாகச் சேர்ந்த குப்பம்மாள் எழுந்தாள். அவளும் எங்கள் ஊர்ப்பக்கம்தான்.

"டீச்சர், அந்த ஆத்துல வெள்ளம் வந்தா, அடிச்சிகினு போறதெல்லாம் எந்தப் பக்கம் போவும்?"

"மேலாண்ட" என்றேன்.

டீச்சரே மேலாண்ட என்று சொல்லிவிட்டார் என்று வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரித்து ஓயட்டும் என்று நின்றேன். பிறகு கடல்வரை வரைந்து முடித்தேன்.